பேப்பர் போடச் சொன்னால் உடனே போடாதீர்கள்

கம்பெனி 'பேப்பர் போடு', அதாவது ராஜினாமா செய் என்று சொல்லும் நேரத்தில், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் அதே குழிகளில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகும் இது மாறவில்லை. ரெஸ்யூமேயைத் திருத்துவது, புதிதாக எதையாவது படிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

கேட்டதும் ராஜினாமா

மனசு கொதிப்பது இதைப் பார்க்கும்போதுதான். திடீரென்று ஒரு வீடியோ கால். மேனேஜரோடு ஹெச்.ஆரும் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கே நீங்களா ரிசைன் பண்ணிடுங்க, இல்லேன்னா டெர்மினேஷன்னு ரெக்கார்டுல ஏறிடும்." அடுப்பில் வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் பையன் போர்ட்டலில் பட்டனை அமுக்கியிருப்பான். காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்தக் காரணம்'.

அந்த இரண்டு சொல்தான் பணத்தைத் தின்கிறது. ஓராண்டு முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு என்பது சட்டம். மாதம் 60,000 வாங்கி ஆறு ஆண்டு முடித்தவருக்கு நோட்டீஸ் சம்பளம் 60,000, இழப்பீடு 1,80,000 என்று ஏறக்குறைய 2,40,000 ரூபாய். தானாகப் போனவருக்கு இதில் ஒன்றும் இல்லை. போதாததற்கு, நோட்டீஸ் பீரியட் குறைகிறது என்று பிடித்தமும் செய்யலாம். 'லீட்' என்று பதவிப் பெயர் இருப்பதால் தொழிலாளி இல்லை என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்; பெயரை விட, உண்மையில் செய்யும் வேலைதான் கணக்கு.

அந்த வீடியோ காலிலேயே எதற்கும் தலையாட்டாதீர்கள். "யோசித்து மெயிலில் பதில் தருகிறேன்" என்பது போதும். பேசி முடித்த கையோடு எழுதுங்கள்: "இன்று இத்தனை மணிக்கு ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நானாக விலக விரும்பவில்லை. நீக்குவதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்." பேசி முடித்துக்கொள்வதுதான் நல்லது என்று பட்டால், எத்தனை மாதச் சம்பளம், எந்தத் தேதிக்குள், ரிலீவிங் லெட்டர் எப்போது, நோட்டீஸ் பிடித்தம் உண்டா என்று நான்கும் கடிதத்தில் வந்த பிறகே கையெழுத்து. ராஜினாமாவிலும் 'நிறுவனம் கேட்டுக்கொண்டதால்' என்று எழுதுங்கள்.

கடைசி நாளையும் பாருங்கள். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஐந்து ஆண்டு வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடிந்திருந்தால் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாதத்தை 26 நாளாக வைத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் 30,000 × 15 ÷ 26 × 5, அதாவது 86,538 ரூபாய். அந்த 240 நாளுக்கு இரண்டு வாரம்தான் குறைகிறது என்றால், கடைசி நாளைத் தள்ளிக் கேட்டால் கிடைக்கக்கூடிய பணம் இது.

பே ஸ்லிப் ஆபீஸ் லேப்டாப்பிலேயே இருப்பது

மாதாமாதம் சொந்த மெயிலுக்கு எடுத்துவையுங்கள். கம்பெனிக்கு எழுதிய சாஃப்ட்வேர் புரோகிராமை மட்டும் தொடாதீர்கள்.

பி.எஃப். முழுவதையும் எடுப்பது

பத்து ஆண்டு சேராவிட்டால் பென்ஷன் இல்லை. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்தக் கணக்கில் பழைய சர்வீஸ் போச்சு.

அப்பா அம்மாவின் இன்சூரன்ஸை மறப்பது

ஆபீஸ் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். வேலையில் இருக்கும்போதே அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள்.

வந்த பணத்தை ஹோம்ஸ்டேயில் போடுவது

சீசன் கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ். 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. கட்டடத்துக்கோ ஏழு மீட்டர் உயரக் கட்டுப்பாடு. மேல்மாடி வாடகையை நம்பிக் கடன் வாங்கினால் தவணைதான் மிஞ்சும்.

கரண்ட் போனதைச் சொல்லாமல் விடுவது

தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூலை மழையில் மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். நம் வேலைக்கு ரேட்டிங் போடும்போது 'ஆள் ஆன்லைனில் இல்லை' என்பது மட்டும்தான் தெரியும். போனிலிருந்தே நேரம் போட்டு மேனேஜருக்கு ஒரு மெயில், திரும்பி வந்ததும் இன்னொன்று.