ஆன்சா-பொரேகோ பாலைவனத்தில் தங்கி நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா ஆன்சா-பொரேகோ. சான் டியேகோவிலிருந்து காரில் சுமார் 2 மணி நேரம்தான். பக்கத்தில் இருக்கிறதே என்று ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இது ஆபத்தான தவறு. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் வேண்டும், வெயிலில் நடந்தால் அதற்கும் மேல். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி, குழப்பம் வரும். நடுவில் உப்புக்கடலை மாதிரி ஏதாவது சாப்பிடுங்கள். தண்ணீர் பாதியாகும் முன்பே திரும்பிவிட வேண்டும், போக நினைத்த இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

தண்ணீர் இல்லாத ஊரில் வெள்ளத்துக்கும் பயப்பட வேண்டும். காய்ந்த ஓடைப் படுகை சமதளமாக, மெத்தென்று மணலோடு இருப்பதால் கூடாரம் போட ஆசை வரும். போடாதீர்கள். தொலைவில் மலைமேல் மழை பெய்தால் போதும், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2004 செப்டம்பரில் இந்தப் பூங்காவின் பொரேகோ பாம் கேன்யன் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் பனை மரங்களையே பெயர்த்துக்கொண்டு வந்து முகாம் இடத்தைச் சேதப்படுத்தியது. கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் மேட்டில் படுங்கள்.

அப்புறம் சோயா (cholla) என்ற முள் நிறைந்த கள்ளிச்செடி. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று தோலில் குத்திக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஒட்டும். பையில் ஒரு சீப்பு வைத்திருங்கள், அதை முள்ளுக்கு அடியில் விட்டுத் தள்ளினால் வந்துவிடும்.

இந்தப் பூங்காவில் தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. உலோகத் தொட்டிக்குள் மட்டுமே மூட்டலாம், சாம்பலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விறகு பொறுக்கவும் அனுமதி இல்லை. நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை. அங்கே போய்த் தெரிந்துகொண்டு நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு நடக்கப் போவது கொடுமை, அந்தச் சூட்டில் அது செத்துப்போகும்.

பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அப்போது போகவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொயோட்டி கேன்யனையும் மூடிவிடுவார்கள். அழியும் நிலையில் உள்ள பெருங்கொம்பு ஆடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும். மனித நடமாட்டம் இருந்தால் அவை ஊற்றை நெருங்காமல் தவித்துப்போகும். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். இரவில் நன்றாகக் குளிரும், கனமான போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.