கென்டிலிருந்து லண்டன் கடைத்தெருவுக்கு: காரில் கிளம்பும் முன்

ஆஷ்ஃபோர்டு, மெய்ட்ஸ்டோன், மார்கேட் என்று கென்ட் பக்கம் வேலைக்கு வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் பொறுமை போய்விடும். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பொட்டலத்துக்குள் எண்ணி வைத்த கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்றால் என்னவென்றே தெரியாத கடைப் பையன், தோசைக்கு ஒத்துவராத அரிசி. அப்போதுதான் "ஒரு மூணு நாள் லீவு போட்டு லண்டன் போய் எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துடலாம்" என்று பேச்சு கிளம்பும். நல்ல யோசனை, கட்டாயம் போங்கள். ஆனால் கார் எடுத்துப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நம் ஆட்கள் விழுகிற பள்ளம் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் காகித விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நம் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். குடியேறிய நாளிலிருந்து கணக்கு. அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. நம் ஊரில் இன்சூரன்ஸ் வண்டிக்கு, யார் ஓட்டினாலும் கேட்பாரில்லை. இங்கே பாலிசியில் பெயர் இருப்பவர்தான் ஓட்டலாம். "களைப்பா இருக்கு, நீ கொஞ்சம் ஓட்டேன்" என்று வழியில் நண்பரிடம் சாவியைக் கொடுத்து, அவர் பெயர் பாலிசியில் இல்லாமல் மாட்டினால் 300 பவுண்டும் லைசென்ஸில் 6 புள்ளியும் போகும். இங்கே தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளியோடு லைசென்ஸே போய்விடும். ஒரு நாளுக்கு மட்டும் பெயர் சேர்க்கும் இன்சூரன்ஸ் உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் போடும் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களிலும் இது அமலில் இருக்கிறது. பெட்ரோல் வண்டி 2006-க்குப் பிந்தியதாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. டீசல் வண்டி 2015 செப்டம்பருக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. நாள் கணக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. வெள்ளி இரவு பதினொன்றுக்கு நுழைந்து ஒரு மணி வரை ஓட்டினால் இரண்டு நாள் காசு. புதிதாக வந்தவரிடம் "டீசல், நல்ல மைலேஜ், மலிவு" என்று யாராவது ஒரு பழைய காரைத் தள்ளப் பார்த்தால், அது ஏன் மலிவு என்பதற்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நடு லண்டனின் நெரிசல் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நாம் போகிற ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி எதுவும் அந்த வட்டத்துக்குள் வராது.

சரி, இப்போது ஆற்றுக்கு வருவோம். கென்ட் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, ஈஸ்ட் ஹாம் வடக்கே. எம்25-இல் போனால் டார்ட்ஃபோர்டில் ஆற்றைக் கடக்க வேண்டும். வடக்கே போகும்போது சுரங்கம், தெற்கே திரும்பும்போது இரண்டாம் எலிசபெத் ராணி பாலம். இதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அங்கே டோல்கேட் கிடையாது. 2014 நவம்பரோடு சாவடியையும் தடுப்புக் கட்டையையும் எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் ஃபாஸ்டேகில் காசு இல்லையென்றால் கட்டை தூக்காது, பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். மறக்கவே முடியாது. இங்கே போகிற வேகத்தில் ஒரு பலகை வரும், மேலே கேமரா இருக்கும், அவ்வளவுதான். மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாகப் போய்க் கட்ட வேண்டும். காருக்கு ஒரு தடவை கடக்க 3.50 பவுண்டு, முன்பணம் போட்டுக் கணக்கு வைத்திருந்தால் 2.80. காலை 6 முதல் இரவு 10 வரைதான் கட்டணம். இரவு 10-இலிருந்து காலை 6 வரை இலவசம்.

எனக்குத் தெரிந்த நாகர்கோவில் அக்கா ஒருவர் இங்கே நர்ஸாக இருக்கிறார். எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர். கார் வாங்கிய கையோடு லண்டன் போக்குவரத்துத் துறையின் ஆட்டோ பே கணக்கைத் திறந்து கார்டையும் இணைத்துவிட்டார். முதல் லண்டன் பயணத்துக்குக் கிளம்பும்போது பாலத்தைப் பற்றி நான் இழுத்தேன். "அதான் ஆட்டோ பே போட்டாச்சே தம்பி, எல்லாம் தானா எடுத்துக்கிடும்" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது?

ஆனால் அந்தக் கணக்கு லண்டன் துறையின் கட்டணங்களுக்கு மட்டும்தான். யூலெஸ், நெரிசல் கட்டணம், லண்டனுக்குள்ளேயே தேம்ஸைக் கடக்கும் பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கங்கள் எல்லாம் அதில் அடங்கும். டார்ட்ஃபோர்டு தேசிய நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்கு டார்ட் சார்ஜ் என்று தனிக் கணக்கு. ஒன்றில் போட்ட காசு மற்றதற்குப் போகாது.

அக்கா ஹோட்டல் எடுத்தது டார்ட்ஃபோர்டில். லண்டனுக்குள் எடுப்பதைவிட மலிவு, பார்க்கிங் இலவசம். சனி காலை சுரங்கம், மாலை பாலம், ஞாயிறு மறுபடி சுரங்கம், மறுபடி பாலம். ஆற்றை நான்கு தடவை கடந்தாயிற்று. இப்போதைய விலையில் 14 பவுண்டு. கட்டாவிட்டால் கடந்த ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியே 70 பவுண்டு அபராதம். 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 28 நாள் தாண்டினால் 105. அதாவது 14 பவுண்டு 420 ஆகும். அதற்கும் மேல் போனால் நார்தாம்ப்டனில் இருக்கும் நீதிமன்ற மையத்தில் பதிவாகி, வசூல் ஏஜெண்டு கைக்குப் போகும். அவருடைய கூலி தனி.

இவ்வளவு தூரம் போகும் வரை அக்கா சும்மாவா இருந்தார் என்று கேட்பீர்கள். கடிதம் வந்தால்தானே! கேமரா வண்டி எண்ணைப் பார்க்கும், எண்ணுக்குரிய பதிவுப் புத்தகத்தில், இங்கே வி5சி என்பார்கள், எந்த முகவரி இருக்கிறதோ அங்கே கடிதம் போகும். எஸ்எம்எஸ் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. அக்கா கார் வாங்கியபோது பணியாளர் குடியிருப்பில் இருந்தார். பிறகு வாடகை வீட்டுக்கு மாறினார். வங்கியில் மாற்றினார், டாக்டரிடம் மாற்றினார், லைசென்ஸிலும் மாற்றினார். லைசென்ஸில் மாற்றினால் வண்டிக்கும் மாறிவிடும் என்று நினைத்துவிட்டார். இரண்டும் ஒரே அலுவலகம்தான், லைசென்ஸும் வண்டிப் பதிவும் பார்க்கும் டிவிஎல்ஏ. ஆனாலும் இரண்டுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற விஷயம் இது.

பழைய குடியிருப்பில் இருக்கும் தோழி ஒருவர், கீழ்த்தளத் தபால் தட்டில் கிடந்ததென்று ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்காவுக்குப் பணத்தைவிட விசா பயம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பயம் தேவையில்லை, இது குற்றவழக்கு இல்லை, சிவில் அபராதம். நோட்டீஸே கைக்கு வரவில்லை என்று நீதிமன்ற மையத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுக்க வழியும் இருக்கிறது. அவரும் அப்படித்தான் செய்தார், ஏறிய தொகை ஆரம்ப அபராதத்துக்கு இறங்கியது. கட்டினார். மாமியாருக்கு மட்டும் சொல்லவில்லை.

ஆகவே வீடு மாறிய அன்றே மூன்று இடத்தில் முகவரியை மாற்றுங்கள்: லைசென்ஸ், வி5சி, இன்சூரன்ஸ். முதல் இரண்டும் அரசுத் தளத்தில் இலவசம், மாற்றாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம் போட முடியும். வி5சி-யை எடுத்துப் பாருங்கள், இப்போதே. டார்ட் சார்ஜ் கட்டும்போதும் அரசுத் தளத்திலிருந்தே உள்ளே போங்கள். தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் சில கட்டணத்துக்கு மேல் தங்கள் கமிஷனையும் சேர்த்து வாங்கும். கார்டு பிரச்சினை என்றால் பேபாயிண்ட் என்ற பில் கட்டும் வசதி இருக்கிற தெருமுனைக் கடையில் ரொக்கமாகவும் கட்டலாம்.

பாலத்தை முடிந்தவரை தவிர்ப்பது எப்படி? என் முறை இது. வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, பத்து மணிக்கு மேல் சுரங்கத்தைக் கடந்துவிடுவது. ஹோட்டலை டார்ட்ஃபோர்டில் எடுக்காமல் எதிர்க்கரையில், தர்ராக் பக்கம் எடுப்பது. விலை ஏறக்குறைய அதேதான். காலையில் ஏ13 பிடித்தால் நேரே ஈஸ்ட் ஹாம், நடுவில் ஆறு கிடையாது. பிளாக்வால் சுரங்கம் வழியாக வந்துவிடலாம் என்று பழைய ஆட்கள் யோசனை சொல்வார்கள். அது அந்தக் காலம். 2025 ஏப்ரல் 7 முதல் அதற்கும் பக்கத்தில் திறந்த சில்வர்டவுனுக்கும் கட்டணம் வந்துவிட்டது. நெரிசல் நேரத்தில் 4 பவுண்டு.

சனிக்கிழமை முழுவதையும் ஈஸ்ட் ஹாமுக்கே கொடுங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கி நடந்தாலே பாதிக் களைப்பு போய்விடும். தமிழ்ப் பலகைகள், வாசலில் வாழைக்காய்ப் பெட்டி, மகாலட்சுமி கோயில், போனில் ஊர்ச் சண்டையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி போடும் பெரியம்மா. சரவண பவன் இருக்கிறது, ஆனால் காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்றில்லை. தெருவில் இன்னும் பல கடைகளில் பொங்கலும் வடையும் கிடைக்கும். காபி விஷயத்தில் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். இட்லி அரிசி, நல்லெண்ணெய், அப்பளம், வத்தல் இதெல்லாம் இங்கே. இலங்கைக் கடைகளில் சிவப்பரிசி மாவும் வறுத்த மிளகாய்த்தூளும் வாங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மீன் குழம்பு அந்தத் தூளுக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. என் அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

பக்கத்திலேயே கிரீன் ஸ்ட்ரீட். ரங்கநாதன் தெருவின் தம்பி என்று சொல்லலாம், கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். துணியும் நகையும்தான் இங்கே. பார்க்கலாம், வாங்குவதற்கு முன் யோசியுங்கள். இந்த நாட்டில் நகைக்கு வாட் 20 சதவீதம், ஊரில் ஜிஎஸ்டி 3 சதவீதம். அவசரத்துக்கு ஒரு மோதிரம் சரி, ஆரமெல்லாம் ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அப்டன் பார்க் ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் குயின்ஸ் மார்க்கெட்டை விடாதீர்கள். காய், மீன் இரண்டுமே மலிவு. செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி மட்டும்தான் திறப்பார்கள், அதனால்தான் சனிக்கிழமை என்று அழுத்திச் சொல்கிறேன். ஞாயிறு பெரிய கடைகளும் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது இங்கே சட்டம். நம் சின்னக் கடைகளை அது கட்டுப்படுத்தாது.

வண்டியைப் பக்கத்துத் தெருவில் சொருகிவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் குடியிருப்பவர்களுக்கான பெர்மிட் இடங்கள் அவை. காசு கட்டும் கார் பார்க்கில் போடுங்கள். அரிசி மூட்டைகளை முன் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி அடுக்குங்கள், டிக்கியின் கடைசியில் அல்ல. டயர் காற்றையும் பாரத்துக்கு ஏற்றபடி ஏற்றிக்கொள்ளுங்கள். உறைந்த தேங்காய்த் துருவலையும் மீனையும் வீட்டுக்குத் திரும்புகிற நாளில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மார்க்கெட் மீன்தான் வேண்டும் என்றால் ஐஸ்பெட்டி கொண்டுபோங்கள். ஹோட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜை நம்பி நான்கு கிலோ சீலா வாங்கியவரோடு நான் அறையைப் பகிர்ந்திருக்கிறேன்.

வெம்ப்ளியை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஈலிங் ரோடு நல்ல தெருதான், ஆல்பர்டனில் ஈழபதீஸ்வரர் கோயிலும் இருக்கிறது, ஆனால் தனி நாள் வேண்டும். ஸ்டேடியத்தில் ஆட்டமோ கச்சேரியோ இருந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க நள்ளிரவு வரை பார்க்கிங் தடை. நாள் பார்த்துப் போங்கள்.

ஞாயிறு திரும்பும்போது டூட்டிங். ஈஸ்ட் ஹாமிலிருந்து நார்த் உல்விச் பக்கம்தான், அங்கே காரோடு ஏறுகிற படகு இருக்கிறது. உல்விச் ஃபெரி, முழுக்க இலவசம். இறங்கினால் சவுத் சர்க்குலர் சாலை அங்கேயே தொடங்குகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் போகும், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்துச் சமாளியுங்கள். டூட்டிங் ஹை ஸ்ட்ரீட்டில் சிவப்புக் கோடு போட்டிருக்கும், ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள், 160 பவுண்டு. வண்டியைத் தள்ளிப் போட்டுவிட்டு நடந்து வந்து இலங்கைக் கடை எதிலாவது உட்காருங்கள். ஆட்டுக்கறிக் கொத்து, ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும், மீதியைப் பார்சல் கேட்டால் தருவார்கள். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று இருந்தால் அது விருப்பப்பட்டால் கொடுப்பது, எடுக்கச் சொல்லலாம். அங்கிருந்து கென்டுக்கு ஆறு கிடையாது, நேரே வீடுதான். படகு ஞாயிறு தாமதமாகத் தொடங்கி சீக்கிரம் முடிந்துவிடும், மூடுபனி இருந்தால் ஓடாது. ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் பிளாக்வால் அல்லது சில்வர்டவுன் சுரங்கம்தான், கட்டணம் கட்ட அப்புறமும் மூன்று நாள் இருக்கிறது. டார்ட்ஃபோர்டு பாலம் வழியாக வந்தால் மட்டும் மறுநாள் நள்ளிரவுக்குள்.