போர்க்காலக் கம்பஸ் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது எப்படி?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களையும், படிப்பை இடையில் விட்டு ஆயுதப் போராட்ட இயக்கத்துக்குப் போனவர்களையும் சந்தித்து அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய விரும்புபவர், முதலில் ஒரு கொப்பியில் காலவரிசையை எழுதிக்கொள்ள வேண்டும். 1974இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கியது, 1995 ஒக்டோபர் 30இல் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தது ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். திகதி மறந்தவர்கூட, "இடப்பெயர்வுக்கு முன்னரா, பின்னரா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

ஏன் இயக்கத்துக்குப் போனீர்கள் என்று தொடங்காதீர்கள். ஓர் அண்ணாவிடம் நான் அப்படித்தான் கேட்டேன். தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட முறை), ஆடிக்கலவரம் (1983 யூலையில் தமிழர்மீது நடந்த வன்முறை) என்று நான்கு வசனங்கள் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். அவை மெய்யான காரணங்களே, ஆனால் அவருடைய நாட்கள் அவற்றில் இல்லை. மறுமுறை போனபோது, இரவில் எந்த வெளிச்சத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன். 1990க்குப் பின் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிது என்பதால், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்திய விதத்தை அவர் கைகளாலேயே செய்துகாட்டினார். அந்த விளக்குக்கு எதிரே இருந்து படித்த அறைத்தோழன், ஒருநாள் சைக்கிளைச் சுவரோடு சாத்தி, அதன் திறப்பை (சாவியை) அவருடைய கொப்பிக்குள் வைத்துவிட்டுப் போனதையும், அந்தச் சைக்கிளில்தான் சில மாதங்களின் பின் தானும் புறப்பட்டதையும் கேளாமலேயே சொன்னார். அவர் பேசாதிருந்த இடங்களில் நானும் பேசாதிருந்தேன்; நீங்களும் அவ்வாறே இருங்கள்.

பதுங்குகுழி, பரீட்சை, விடுதிச் சாப்பாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

பெயர்களில் மட்டும் மிகுந்த கண்டிப்பு வேண்டும். திரும்பி வந்து குடும்பமாக வாழ்பவரின் பெயரை, அவர் சம்மதித்தாலொழிய, கோப்பின் தலைப்பில்கூட எழுதாதீர்கள். இலக்கம் ஒன்றை இட்டு, பெயரை வேறொரு கொப்பியில் வையுங்கள். காணாமற்போனவரை, வீட்டார் அப்படிச் சொல்லாதவரை, இறந்தவர் என்று எழுதாதீர்கள். அவருக்காக ஒரு தாய் இன்னும் காத்திருக்கக்கூடும்.

பதிவு முடிந்ததும் ஒரு பிரதியைச் சொன்னவரிடமே கொடுங்கள். கேட்டபின் ஒரு பகுதியை நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள்.