மறுநாளும் போட வேண்டும்: கல்லூரி ரிலீவர் தொழில்முறைக்குத் தயாராவது எப்படி

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் மணிக்கு 97 மைல் வேகத்தில் போடும் பையன்களுக்கு இப்போது பஞ்சமில்லை. செவ்வாய் இரவு 97 போட்டுவிட்டு, புதன் இரவும் அதே 97-ஐ அதே மூலையில் போடுகிறவர்தான் அபூர்வம். ஆட்ட நடுவில் மாற்றாக இறங்கிப் பந்து போடும் ரிலீஃப் பிட்சருக்கு (ரிலீவர்) சம்பளம் அந்த இரண்டாம் நாளுக்குத்தான். பயிற்சியையும் அங்கிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும்.

முதலில், இவர் ரிலீவர்தானா என்று பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரான ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை இரண்டு, மூன்று முறை சந்திப்பார். அதற்கு மூன்று வகைப் பந்துகளாவது வேண்டும். ரிலீவருக்கு நல்ல ஃபாஸ்ட்பாலும் (முழு வேகப் பந்து), அதே மாதிரி கிளம்பிக் கடைசியில் விலகும் ஒரு ஸ்லைடரும் போதும். அதற்காக அவசரப்பட்டு முத்திரை குத்த வேண்டாம். பெரிய லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகில் முதல் ஓரிரு ஆண்டுகள் ஸ்டார்ட்டராகவே ஓடவிடுவதில் லாபம் உண்டு: ஸ்டார்ட்டர் ஓர் ஆட்டத்தில் 75 பந்து போட்டுப் பழகுவார், ரிலீவருக்குக் கிடைப்பது பதினைந்து. ஆண்ட்ரூ மில்லர் வட கரோலினா பல்கலையிலிருந்து 2006 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 6-ஆவது ஆளாகப் போனார். ஸ்டார்ட்டராகப் பல ஆண்டுகள் தடுமாறி, 2012-இல் பாஸ்டன் புல்பென்னுக்கு (ரிலீவர்கள் சூடேற்றிக் காத்திருக்கும் இடம்) மாறிய பிறகுதான் நிமிர்ந்தார். கிரெய்க் கிம்ப்ரல் நேர் எதிர்: அலபாமாவின் வாலஸ் ஸ்டேட் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து 2008-இல் மூன்றாம் சுற்றில் தேர்வானவர், 2011-இல் அட்லாண்டாவுக்கு 46 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகமானார்.

கல்லூரியில் இருக்கும்போதே மூன்று பழக்கங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒன்று, உள்பக்கம் போடும் தைரியம். கல்லூரியில் உலோக பேட்; உள்ளே நெருக்கிப் போட்டாலும் கைப்பிடியருகே பட்டுப் பந்து இன்ஃபீல்டைத் தாண்டி விழும். அதனால் பையன்கள் வெளிமூலையிலேயே ஒளிந்துகொள்வார்கள். மர பேட்டில் அதே பந்து பேட்டை உடைக்கும். கோடையில் கேப் காட் போன்ற மர பேட் லீகில் ஆடுவது இதற்காகத்தான். இரண்டு, பந்தைத் தானே தேர்ந்தெடுப்பது. கல்லூரியில் பெரும்பாலும் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து கோச் சொல்வார். தொழில்முறையில் பெரும்பாலும் பிட்சரும், பந்தைப் பிடிக்கும் கேட்சரும்தான் முடிவெடுக்கிறார்கள். பயிற்சி ஆட்டங்களிலாவது அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். மூன்று, ஸ்ட்ரெட்ச் நிலை: பேஸில் ஆள் இருக்கும்போது பக்கவாட்டில் நின்று, சுருக்கமான அசைவில் போடுவது. ரிலீவர் உள்ளே வரும்போது பேஸில் ஆள் இருப்பது சகஜம். பயிற்சியில் பெரும்பகுதியை ஸ்ட்ரெட்சிலிருந்தே போட வேண்டும். அசைவு தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கைக்குப் போக 1.3 விநாடிக்கு மேல் ஆனால் இரண்டாம் பேஸைத் திருடிவிடுவார்கள்.

டிராஃப்ட் ஜூலையில், 20 சுற்று. நான்காண்டுக் கல்லூரி மாணவர் மூன்றாம் ஆண்டு முடித்தோ 21 வயதை எட்டியோ இருந்தால் தகுதி உண்டு. மூன்றாம் ஆண்டில் பேரம் பேச இடமிருக்கும், ‘கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன்’ என்று சொல்லலாம். கடைசி ஆண்டு மாணவருக்கு அந்தத் துருப்புச்சீட்டு கிடையாது.

மைனர் லீகில் லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏறுவரிசை. வாரத்துக்கு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. கல்லூரியில் வெள்ளிக்கிழமை 45 பந்து போட்டுவிட்டு மறுபடி ஞாயிறுதான் கையைத் தூக்கியவரை இங்கே உடனே அடுத்தடுத்த நாள் இறக்கக் கூடாது. முதல் மாதம் ஓர் இன்னிங்ஸ், இரண்டு நாள் ஓய்வு. பிறகு ஒரு நாள் ஓய்வு. சீசன் பாதியைத் தாண்டிய பிறகு அடுத்தடுத்த இரு நாள். அதிலும் முதல் நாள் 20 பந்துக்கு மேல் போயிருந்தால் மறுநாள் வேண்டாம்.

அதிகம் கெட்டுப்போகிற இடம் ஆட்டக்களம் அல்ல, புல்பென். போன் அடித்ததும் புது ஆள் பதறி 40 பந்து போட்டுவிடுவார். ஆட்டக்களத்தில் பந்து போடும் மேடான மவுண்டுக்கு வரும்போது கையில் மிச்சமிருக்காது. வரிசை இப்படி இருக்கட்டும்: ஐந்தாம் இன்னிங்ஸிலேயே எழுந்து தோளுக்கு ரப்பர் பேண்ட், இடுப்புக்கு அசைவுகள். போன் வந்ததும் கேட்சர் நின்றபடி இருக்க ஐந்து லேசான பந்து. அவர் உட்கார்ந்ததும் ஃபாஸ்ட்பால் ஆறு, வெளிமூலையிலிருந்து உள்மூலைக்கு. ஸ்லைடர் நான்கு, அதில் இரண்டு ஸ்ட்ரைக்குக்கு, இரண்டு மண்ணில் குத்த. கடைசி இரண்டு பந்து, இறங்கியதும் சந்திக்கப்போகிற பேட்டர் எதிரே நிற்பதாக நினைத்து முழு வேகத்தில். மொத்தம் 17. மவுண்டில் ஏறியபின் இன்னும் சில கிடைக்கும் என்பதால் இங்கேயே உச்சத்துக்குப் போக வேண்டியதில்லை.

சூடேற்றிவிட்டு உட்காரவைக்கப்பட்ட நாட்களையும் நோட்டில் எழுதுங்கள். ஸ்கோர்கார்டில் அது பூஜ்யம்; முழங்கைக்கு அது பூஜ்யம் அல்ல. ஒரே இரவில் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தவரை ஓர் ஆட்டம் ஆடியவராகவே கணக்கில் வையுங்கள்.

களைப்பு முதலில் வேகத்தில் தெரியாது, கை உயரத்தில் தெரியும். பந்தை விடும் புள்ளி வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் இறங்கினால் ஃபாஸ்ட்பால் மேலே நிற்காமல் தட்டையாகும், ஸ்லைடர் நடுவில் தொங்கும். பந்தை அளக்கும் டிராக்மேன் கருவி இருந்தால் எண்ணாகவே வரும். இல்லாவிட்டால் பக்கவாட்டிலிருந்து எடுத்த போன் வீடியோ போதும். சராசரி வேகம் இரண்டு மைல் குறைந்தால் ஒரு நாள் நிறுத்துங்கள். தசை வலி வேறு, முழங்கையின் உள்பக்கம் குத்துவது வேறு. இரண்டாவதை மறைத்துப் போட்டால், முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை வரை போகும். திரும்பிவர 12 முதல் 18 மாதம்.

2020 முதல் பெரிய லீகில் ரிலீவர் மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸின் அந்தப் பாதி முடியும்வரை நிற்க வேண்டும். ஒரே ஓர் இடதுகை பேட்டருக்காக இறங்கிப் பிழைத்தவர்களின் காலம் அதோடு போயிற்று. எதிர்க்கை பேட்டருக்கு, ஃபாஸ்ட்பால் போலக் கிளம்பி மெதுவாக வரும் ஒரு ஸ்பிளிட்டரோ சேஞ்சப்போ டபுள்-ஏவிலேயே பழகியாக வேண்டும். ஈ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் ஏறும் ரன் சராசரி) நம்பாதீர்கள்: முந்தையவர் விட்டுப்போன ரன்னர் ஓடிவந்தால் அந்த ரன் முந்தையவர் கணக்கில்தான் ஏறும். ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்) சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், விட்டுப்போன ரன்னர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள் என்றும் பாருங்கள்.

டிரிபிள்-ஏவில் பந்தே மாறும். அங்கே பெரிய லீகின் பந்து. கீழ் நிலைகளில் பழகிய பந்தைவிடத் தையல் தாழ்வு. ஸ்லைடர் சில வாரம் சொன்னபடி கேட்காது. பிடியை மாற்றிக் குழப்பிக்கொள்ளாமல், புதுப் பந்திலேயே தினம் பத்து போடுங்கள்.

பெரிய லீக் அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13 பேர் வரைதான். 40 பேர் பட்டியலில் இடம்பிடித்த இளம் ரிலீவரை மூன்று சீசன்களில், ஒரு சீசனுக்கு ஐந்து முறை வரை, மைனர் லீகுக்குக் கீழே அனுப்பி வைக்கலாம். மேலே ஓர் ஆட்டம் 13 இன்னிங்ஸ் இழுத்துப் புல்பென் காலியானால் மறுநாள் காலை டிரிபிள்-ஏவுக்குப் போன் வரும். அப்போது முதல் கேள்வி யார் சிறந்தவர் என்பதாக இருக்காது. கடந்த மூன்று நாளில் யார் எத்தனை பந்து போட்டிருக்கிறார் என்பதாகத்தான் இருக்கும். புல்பென்னில் போட்டதும் சேர்த்து.