வெங்காயத்தை நிறுத்துவது சுலபம், திரும்பச் சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது: ஐபிஎஸ் வயிற்றுக்கான உணவுமுறை

ஐபிஎஸ் என்றால் இங்கே போலீஸ் அதிகாரி இல்லை, குடல் எரிச்சல் நோய். ஸ்கோப் போட்டுப் பார்த்தால் குடல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வயிறு உப்பும், இழுத்துப் பிடிக்கும், ஒரு வாரம் போக்கு, மறுவாரம் மலச்சிக்கல். சாப்பாட்டால் இதைக் கட்டுக்குள் கொண்டுவர முதல்முறை முயல்பவர்களுக்காக இந்தப் பதிவு.

தொடங்கும் முன்

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்தும் முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அது சரியாகக் காட்டும்.

1. இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

எதையும் நிறுத்த வேண்டாம், எழுதினால் போதும். என் நோட்டில் ஒரு நாள்: "மதியம் 1: ரொட்டி, வெங்காய சூப். 4: உப்புசம், பேன்ட் பட்டனைக் கழற்றினேன். இரவு: வகை 6." அந்த 6, மலத்தின் தன்மையை வகை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையின் எண். 1 என்றால் கெட்டியான சிறு உருண்டைகள், 7 என்றால் வெறும் தண்ணீர், 3, 4 இருந்தால் நிம்மதி. அதுவரை நான் பாலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், நோட்டு வெங்காயத்தைக் காட்டியது.

2. சின்னத் திருத்தங்கள்

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மென்று சாப்பிடுங்கள். டீ, காபி இரண்டும் சேர்த்து நாளைக்கு 3 கப்புக்குள் இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரம், காரம், மது குறையட்டும். நார்ச்சத்து நல்லதாயிற்றே என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போடாதீர்கள், பலருக்கு அது உப்புசத்தைக் கூட்டும். ஓட்ஸ், இசப்கோல் போன்ற கரையும் நார் பரவாயில்லை, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இதிலேயே வயிறு அடங்கிவிட்டால் அடுத்த படி உங்களுக்குத் தேவையே இல்லை.

3. ஃபாட்மேப் குறைப்பு, 2 முதல் 6 வாரம்

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. சில மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, அவற்றின் பொதுப்பெயர்தான் ஃபாட்மேப். அவை தண்ணீரை உள்ளே இழுக்கும், பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகும். எல்லோருக்கும் நடப்பதுதான், நம் குடல் நரம்புகள் அதற்கே கத்துகின்றன.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பயறு வகைகள், ஆப்பிள், மாம்பழம், தேன், சார்பிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவை குறைய வேண்டியவை. அரிசி, முட்டை, மீன், உருளைக்கிழங்கு, கேரட், ஆரஞ்சு தாராளமாக இருக்கலாம்.

பூண்டு இல்லாமல் என்ன சமையல் என்கிறீர்களா? அதற்கு ஒரு வழி உண்டு. எண்ணெயில் முழுப் பல்லைப் போட்டுப் பொன்னிறமாக வறுத்து, பல்லை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் சமையுங்கள். பூண்டில் தொந்தரவு தருவது ஃப்ரக்டான் என்ற ஃபாட்மேப், அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் குழம்பில் கொதித்த பூண்டை எடுத்துப் போட்டும் பயனில்லை. வெங்காய வாசத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும்.

எடை குறைவானவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படியைத் தனியாகச் செய்ய வேண்டாம். கூட ஓர் உணவியல் நிபுணர் இருக்கட்டும்.

4. திரும்பச் சேர்ப்பது

நான் கோட்டை விட்டது இங்கேதான். வயிறு அமைதியானதும் பயந்துபோய் நான்கு மாதம் அப்படியே ஓட்டினேன். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கும் ஃப்ரக்டான்தான் சாப்பாடு, அவற்றைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

மற்ற சாப்பாடு மாறாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைச் சோதியுங்கள். பால் என்றால் முதல் நாள் கால் கப், இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் ஒரு கப். வலித்தால் நிறுத்தி, எந்த அளவில் வலித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வயிறு அடங்கியதும் இரண்டு, மூன்று நாள் விட்டு அடுத்ததுக்குப் போகலாம். வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகவே பாருங்கள்.

அப்புறம் என் கணக்கு: ஒரு கப் பால் பிரச்சினையே இல்லை. ரொட்டி இரண்டு துண்டு சரி, மூன்றாவது ஆகாது. வெங்காயம் ஒரு ஸ்பூன் வரைக்கும்.