வீட்டுச் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பது எப்படி? 42,000 ரூபாய் வருமானத்தில் ஒரு முழுக் கணக்கு

செலவைக் குறைக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. குறைத்த பணம் கடனுக்குப் போய்ச் சேருகிற குடும்பங்கள்தான் கம்மி. டீ, வடையை நிறுத்தி மிச்சம் பிடித்த 600 ரூபாய் அதே பேங்க் கணக்கில் கிடந்தால், மாதக் கடைசியில் அது எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் எதைக் குறைப்பது என்பதோடு, குறைத்ததை எந்தக் கடனின் அசலில், எப்போது கட்டுவது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

மாதிரிக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 42,000. உங்கள் தொகைகள் வேறாக இருக்கும், போடும் முறை இதுதான்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கடனுக்கும் இன்றைய பாக்கி, மாதம் எவ்வளவு வட்டி போகிறது, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என மூன்று விவரம் வேண்டும். சதவீதத்தைவிட வட்டியை ரூபாயில் எழுதுவது முக்கியம், அதுதான் உறைக்கும்.

- கைமாற்று, புரோநோட்டு எழுதி 5 வட்டிக்கு வாங்கியது: பாக்கி 40,000. மாத வட்டி 2,000. அசலில் ஒரு பைசா குறையவில்லை.
- கிரெடிட் கார்டு: பாக்கி 60,000. மாதம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வட்டி 2,478. கட்டுவது குறைந்தபட்சத் தொகை 3,000.
- நகைக்கடன்: 1,20,000. வருஷம் 10 சதவீதம். மாதத்துக்கு 1,000 வட்டி ஏறுகிறது.
- தனிநபர் கடன்: பாக்கி 1,80,000. வருஷம் 15 சதவீதம், இன்னும் 36 மாதம். இஎம்ஐ 6,240.

மொத்தம் 4 லட்சம். பார்வைக்குப் பெரியது தனிநபர் கடன். ஆனால் 5 வட்டி என்பது வருஷத்துக்கு 60 சதவீதம். கார்டில் 3,000 கட்டினால் அசலில் குறைவது 522 ரூபாய்தான். குடும்பத்தை அரிப்பது இந்தச் சின்னக் கடன்கள் இரண்டும்தான்.

ஏஜென்ட் சொல்லும் வட்டியை அப்படியே எழுதிவிடாதீர்கள். ‘12 சதவீதம்தான் சார், பிளாட்’ என்றால், அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி; 1 லட்சத்துக்கு 3 வருஷத்தில் 36,000 வட்டி, மாதத் தவணை 3,778. குறைந்துகொண்டே வரும் அசலின்மேல் கணக்குப் போட்டால் இது 21 சதவீதத்துக்கும் மேல்.

மகளிர் குழுக் கடன் இருந்தால் அதன் தவணையைத் தொடவே வேண்டாம். ஒருவர் விட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் தலையில் விழும், அது கடனோடு முடியாத பிரச்சினை.

படி 2: 30 நாள் செலவை அப்படியே எழுதுங்கள்

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். 100 பக்க நோட்டு ஒன்று, சமையலறையில் கட்டித் தொங்கவிட்ட பேனா ஒன்று. ஆப் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆப்பில் ஒருவர்தான் எழுதுவார், நோட்டில் வீடே எழுதும்.

யுபிஐயில் போவதைத் தனியாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு போனைத் திறந்து அந்த வாரத்துப் பட்டியலை நோட்டில் ஏற்றுங்கள். 20, 35, 60 என்று போனவைதான் மறந்திருக்கும். அதே ஆப்பில் ‘ஆட்டோ பே’ பகுதியையும் திறந்து பாருங்கள். பையன் ஒரு மாதம் இலவசம் என்று தட்டிய ஏதோ ஒன்று மாதாமாதம் பணத்தை உருவிக்கொண்டிருக்கும். அங்கேயே ரத்து செய்துவிடலாம்.

கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் வராத செலவுகளை எழுதுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம் 18,000. தீபாவளி 10,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,000. மொய், சீர் 8,000. ஆக 40,000, மாதத்துக்கு 3,333. பெரும்பாலான திட்டங்கள் உடைவது இந்த இடத்தில்தான். ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, ஜூன் வந்ததும் மறுபடி 5 வட்டிக்கே போய் நிற்பார்கள். இந்த 3,333-ஐயும் மாதச் செலவில் சேர்த்த பிறகுதான் குறைக்கும் கணக்கு.

மொய்க்கு ஒரு வார்த்தை: மொய் நோட்டை எடுத்துப் பார்த்து, அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்யுங்கள். கடன் தீரும்வரை கூட வைத்துச் செய்ய வேண்டாம்.

படி 3: 6,000 ரூபாயை எங்கே எடுப்பது

முதலில் நகைச்சீட்டு. இந்தக் குடும்பம் நகைக்கடையில் மாதம் 2,000 கட்டிவருகிறது. 60 சதவீத வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு நகை சேர்ப்பதில் நியாயமே இல்லை, நிறுத்திவிடலாம். ஒரு விதிவிலக்கு: 11 மாதச் சீட்டில் இரண்டு மூன்று தவணைதான் பாக்கி என்றால் முடித்துவிடுங்கள். நடுவில் விட்டால் பொதுவாகக் கடைக்காரர் தரும் சலுகை கிடைக்காது.

அடுத்து வெளிச்சாப்பாடு. மாதம் நான்கு முறை 450 ரூபாய்க்கு ஆர்டர் போனால் 1,800. அதை ஒன்றாக்கினால் 1,350 மிச்சம். அடியோடு நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் மூன்றாவது வாரமே போர்க்கொடி தூக்குவார்கள். ஆர்டர் போவது பெரும்பாலும் வேலை முடிந்து அசந்து வரும் நாளில்தான். மாவு அரைத்து வைப்பதும், ஒரு புளிக்காய்ச்சல் செய்து வைப்பதும் அந்த நாளைக் காப்பாற்றும்.

வேலையிடத்து டீ, வடை நாளுக்கு 50 என்றால் 26 நாளுக்கு 1,300. பாதியாக்கினால் 650.

மளிகையில் மாதம் ஒரே முறை, சீட்டு எழுதி வாங்கினால் 750 வரை குறையும். கடைக்குப் போகும் தடவைகள் குறைவதுதான் இதில் வேலை செய்வது. அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. பருப்பும் எண்ணெயும் மட்டும் விடாமல் வாங்கினாலே இன்னொரு 200, 250 நிற்கும். ‘இன்னும் லோடு வரவில்லை’ என்றால் விட்டுவிடாமல் மாதக் கடைசிக்குள் மறுபடி போங்கள்.

கரண்ட் பில்லில் 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு. இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டிவிட்டால், 2024 ஜூலை கட்டணப்படி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலை போய்விடும். 501-வது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல். 540-ஐ 480 ஆக்கினால் ஒரு பில்லில் 600 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும், அதாவது மாதம் 300. ரீடிங் எடுத்த தேதியைக் குறித்துவைத்து, 30-வது நாள் மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் கவனியுங்கள்.

வீட்டில் வைஃபை இருக்கும்போது இரண்டு போனுக்கும் தினம் 2 ஜிபி பேக் எதற்கு? சின்ன பேக்குக்கு மாறினால் 400. பெட்ரோலில் 300 குறைக்கலாம், பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை.

கூட்டினால் 6,000. பால், முட்டை, பிள்ளைகளின் சாப்பாடு, தினமும் சாப்பிடும் மாத்திரை, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் குறைக்கக் கூடாது. மாத்திரையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கட்டுவதைவிட, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

படி 4: சம்பள நாளிலேயே பணத்தை நகர்த்துங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்றால் மிஞ்சாது. சம்பளம் ஏறிய அன்றே 6,000-ஐயும், வருஷச் செலவுக்கான 3,333-ஐயும், நகை வட்டிக்கான 1,000-ஐயும் ஏடிஎம் கார்டும் யுபிஐயும் இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். இஎம்ஐ எடுக்கும் கணக்கில் தேதிக்கு ஒரு நாள் முன்பே பணம் இருக்கட்டும். ஒரு முறை திரும்பினாலே பேங்கும் கடன் கொடுத்த நிறுவனமும் தனித்தனியாக அபராதம் போடும்.

முதல் மாதத்து 6,000 மட்டும் அவசரச் செலவுக்கு என்று கிடக்கட்டும். அடைக்கும் கணக்கு அடுத்த மாதத்திலிருந்து, கீழே 1-வது மாதம் என்று எண்ணுவது அதைத்தான்.

படி 5: அடைக்கும் வரிசை

முதலில் 5 வட்டி. இங்கே ஒரு சிக்கல் வரும்: மாதம் 6,000 கொண்டுபோனால் பலர் அசலில் வரவு வைக்க மாட்டார்கள், ‘மொத்தமாகக் கொடு’ என்பார்கள். முன்கூட்டியே பேசி, பத்தாயிரமாகவாவது வாங்கச் சம்மதம் பெறுங்கள். கொடுக்கும்போது ‘அசலில் வரவு 10,000’ என்று புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து வட்டி 1,500-தான் என்பதையும் அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

குறைகிற வட்டியை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், 2, 4, 5, 7-வது மாதங்களில் பத்துப் பத்தாயிரமாகக் கட்டி முடிக்கலாம். கையில் 7,000 மிஞ்சியும் இருக்கும். முடித்த அன்று புரோநோட்டையும், கொடுத்துவைத்த வெற்று செக்கையும் கையோடு வாங்கிவிடுங்கள். ‘தேடித் தருகிறேன்’ என்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். மிரட்டல், நேரம் போகப் போக ஏறும் மீட்டர் வட்டி என்று போனால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. வீட்டில் அடகு வைக்காத நகை இருந்தால், 10 சதவீதத்துக்கு 40,000 வாங்கி 5 வட்டியை ஒரே நாளில் அடைத்துவிடலாம். மாத வட்டி 2,000-லிருந்து 333 ஆகும், ஆறு மாதத்தில் நகையையும் மீட்டுவிடலாம். ஆனால் முன்பு கட்டிய அதே 8,000-ஐ மாதாமாதம் அங்கே கட்டுகிறவர்களுக்குத்தான் இது சரிவரும். இல்லையென்றால் கைமாற்றுக் கடன் போய் நகைக்கடன் வந்ததாகத்தான் முடியும்.

அடுத்து கார்டு. இப்போதே அதில் வாங்குவதை நிறுத்துங்கள். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. பேங்க்கில் பேசிப் பாக்கியைத் தவணையாக மாற்றினால் வட்டி குறையும், செயலாக்கக் கட்டணத்தையும் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். மாற்றாவிட்டாலும் பரவாயில்லை. ஏழு மாதம் 3,000 கட்டியதில் பாக்கி சுமார் 55,900-க்கு வந்திருக்கும். எட்டாவது மாதம் கையில் உள்ள 7,000-ஐயும் சேர்த்து 18,000, பிறகு மாதம் 11,000 என்று கட்டினால், 12-வது மாதம் முடியும்போது நானூறு சொச்சம்தான் நிற்கும்.

மூன்றாவது நகைக்கடன். 15 சதவீதத் தனிநபர் கடன் இருக்கும்போது இது ஏன் என்று கேட்கலாம். வட்டிக் கணக்கு மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் பல தனிநபர் கடன்களில் முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள், நகையோ ஏலத்துக்குப் போகக்கூடிய பொருள். கட்டணம் இல்லை என்று எழுத்தில் கிடைத்தால் தனிநபர் கடனை முதலில் கட்டுங்கள். அப்போது ‘தவணைத் தொகை குறையட்டும்’ என்றில்லாமல் ‘மாதங்கள் குறையட்டும்’ என்று கேளுங்கள்.

நகைக்கடனுக்கு வருஷம் முடிகிற நாளில், சேர்த்துவைத்த 12,000-ஐ வட்டிக்குக் கட்டி, நகையை மறுபடி அடகு வையுங்கள். தங்கம் விலை ஏறியிருந்தால் ‘இன்னும் 40,000 கூடத் தரலாம்’ என்பார் கவுண்டரில் இருப்பவர். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பலருடைய நகைக்கடன் வருஷாவருஷம் வளர்வது அந்த ஒரு நிமிஷத்தில்தான். பிறகு வட்டிப் பணத்தையும் சேர்த்து மாதம் 12,000 கட்டினால் 11-வது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும். மீட்கும்போது ரசீதில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கையையும் மொத்த எடையையும் தராசில் வைத்துச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.