உறைபனிச் சாலையில் தும்பாங் கேட்டுப் பயணம்: கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பனிக்காலத்தில் தும்பாங் கேட்டு, அதாவது வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக் கட்டணமின்றி ஏறிக்கொண்டு, பயணம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் வண்டி நிற்குமா என்றே கவலைப்படுகிறார்கள். வண்டி எப்படியும் நிற்கும். அதுவரை நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதே குளிர்நாட்டில் முதன்மையான கேள்வி. சூடேற்றிய கட்டடம் ஐந்து நிமிட நடைக்குள் இல்லாத இடத்தில் காத்திருக்கக் கூடாது என்னும் ஒரே விதியை ஒட்டியே கீழுள்ள படிகள் அமைகின்றன.

படி 1: வழியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ ஏற்றது. மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் அங்கே சுற்றுலாவுக்காக 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு நேரடி விமானமும் உண்டு. பிப்ரவரியில் ஒக்கோட்ஸ்க் கடலில் மிதந்துவரும் பனிப்பாளங்களைக் காண அபாஷிரி வரை செல்வதை இலக்காகக் கொள்ளலாம்.

சப்போரோவிலிருந்து அசாஹிகாவா வரையுள்ள சுமார் 140 கிலோமீட்டரில் 12ஆம் எண் தேசியச் சாலையை ஒட்டி ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் பழகுவதற்கு அதுவே தகுந்தது. அதன்பின் வரும் 39ஆம் எண் சாலை வேறு விதமானது. 1,050 மீட்டர் உயரத்திலுள்ள செக்கிஹொக்கு கணவாய்ப் பகுதியில் வீடுகளே அரிது. ஆகவே அன்று கணவாயைத் தாண்டிக் கிதாமி வரை செல்லும் வாகனத்தில் மட்டுமே ஏற வேண்டும். பாதிவழியில் இறக்கிவிடுவதாகச் சொல்பவருக்கு நன்றி கூறி மறுத்துவிட வேண்டும். விடுதிகள் உள்ள சௌன்கியோ வெந்நீரூற்று ஊர் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

படி 2: உடை

கேமரன் மலைக் குளிரைத் தாங்கியதை யாரும் தகுதியாகக் கொள்ள வேண்டாம். ஜப்பானில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1902 ஜனவரி 25 அன்று அசாஹிகாவாவில் பதிவான மைனஸ் 41 டிகிரி. அத்தகைய குளிர் இன்று வராது என்றாலும், மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோல் அதை மைனஸ் 20 போலவே உணரும்.

உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ் மேற்சட்டை, வெளியே காற்றும் ஈரமும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்குகள் தேவை. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும் என்பதால் பருத்திப் பனியனையும் ஜீன்ஸையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மேலங்கியைப் பழைய உடைகள் விற்கும் பண்டல் கடைகளில் மலிவாகத் தேடிக்கொள்ளலாம். காலணியில் மட்டும் சிக்கனம் கூடாது. தடித்த காலுறை அணிந்த பிறகும் விரல்களை அசைக்க இடமிருக்கும் அளவில் அதை வாங்க வேண்டும், ஏனெனில் இறுக்கமான காலணி இரத்த ஓட்டத்தைக் குறைத்து விரல்களை விரைவில் மரத்துப்போகச் செய்யும். குளிரில் கைப்பேசியின் மின்கலம் சட்டென்று தளர்ந்துவிடும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும்.

படி 3: நிற்பதும் கேட்பதும்

விரைவுச்சாலையில் நடந்து செல்லவோ நின்று கைகாட்டவோ அனுமதி இல்லை. அதன் ஓய்விடங்களில் கேட்கலாம். தேசியச் சாலைகளில் மிச்சினோஎக்கி எனப்படும் சாலையோர நிலையங்களும், செய்கோமார்ட் போன்ற சிறுகடைகளும் உகந்தவை. பனி குவிந்து ஓரம் குறுகிய இடத்திலும் வளைவிலும் நிற்கக் கூடாது. வழுக்கும் சாலையில் ஓட்டுநரால் உடனே நிறுத்த முடியாது.

அடுத்த பெரிய ஊரின் பெயரை ஜப்பானிய எழுத்தில் பெரிதாக எழுதி, பனியில் நனையாமல் நெகிழி உறைக்குள் வைத்துக் காட்டுங்கள். முகமூடியைத் தாழ்த்தி முகம் தெரிய நிற்பது நம்பிக்கையைத் தரும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே சென்று உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். விரல் வெளுத்து உணர்விழந்தால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரை நாட வேண்டும்.

ஏறுவதற்குமுன் வண்டியின் எண் பலகையைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் பயணத்துக்குத் துணையோடு செல்வதே நல்லது. ஓட்டுநருக்குப் பணம் கொடுப்பது வழக்கமன்று. ஒரு பொட்டலம் வெள்ளைக் காப்பித் தூள் போதும். இறைச்சி கலந்த தின்பண்டங்களை ஜப்பானுக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு.

படி 4: நிறுத்திக்கொள்ளுதல்

பிப்ரவரித் தொடக்கத்தில் அபாஷிரியில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு புதிதாக வண்டி தேட வேண்டாம். பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் அன்று புறப்படவே கூடாது. 2013 மார்ச்சில் ஹொக்கைடோவை உலுக்கிய புயலில் ஒன்பது பேர் இறந்தனர். அவர்களுள் சிலர் பனியில் சிக்கிய காருக்குள் கார்பன் மோனாக்சைடு நச்சுக்குப் பலியானவர்கள். நீங்கள் ஏறிய வண்டி சிக்கிக்கொண்டால் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். சூட்டுக்காக ஓடவிட்டே ஆக வேண்டுமென்றால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்ற வேண்டும். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் அவசர ஊர்திக்கும் 119 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அசாஹிகாவாவிலிருந்து அபாஷிரி வரை தொடர்வண்டிப் பாதையும் உள்ளது. சாலையில் மனம் ஒப்பாத நாளில் தயங்காமல் அதில் ஏறிவிடுங்கள். தொடர்வண்டியும் நின்றுபோனால் அந்த ஊரிலேயே இன்னோர் இரவு தங்குவதற்கான பணத்தைக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போதே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.